புரட்டாசிப் பேய்கள்

புரட்டாசி பிறந்துவிட்டால் கமலநாதன் சைவம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பாதிப்பேர் அப்படித்தான், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் வாய்க்கு மட்டும் விரதம் இருந்தால் போதாது, கண்ணுக்கும் இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள் அவர். அந்த ஒரு மாதம் அவர் முன்னால் யாரும் ரத்தத்தைக் காட்டக்கூடாது. கோழிக்கடை வைத்திருந்தால்கூட மாதம் முழுக்கச் சாத்திவிட்டுச் சமாளித்திருக்கலாம். அவரோ பேய் விளையாட்டு தயாரிக்கும் கம்பெனி வைத்திருந்தார்.

கம்பெனியின் பெயர் கமலம் கேம்ஸ். பூமாலைக் கடைகளுக்கு மேலே முதல் மாடியில் எட்டுப் பேர் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்த அலுவலகம். கமலநாதன் அதற்கு முன்னால் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். கைப்பேசி வந்த பிறகு மாப்பிள்ளையின் தம்பியே வீடியோ எடுக்கத் தொடங்கிவிட்டான் என்பதால் தொழிலை மாற்றினார். அவருடைய நம்பிக்கை முழுவதும் ஒரே ஒரு விளையாட்டின் மேல்தான் இருந்தது. அந்த விளையாட்டின் நம்பிக்கை முழுவதும் சுகுமாறன் மேல் இருந்தது.

சுகுமாறன் ஓவியன். முப்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை. காப்பாரிலிருந்து கிள்ளான் வரை மோட்டார் சைக்கிள், அங்கிருந்து கொமுட்டர் ரயில் என்று தினமும் வந்து போகிறவன். விளையாட்டுக்குக் ‘கடைசி ஷிப்ட்’ என்று பெயர் வைத்ததே அவன்தான். கேரி தீவில் மூடிக் கிடக்கும், எண்ணெய் பிழியும் ஒரு செம்பனை ஆலை. அதற்கு ஒரு காவலாளி. இருட்டியதும் இயந்திரங்களுக்கு நடுவிலிருந்து பேய்கள் எழுந்து வரும். காவலாளி குலை வெட்டும் கத்தியால் அவற்றை வெட்டித் தப்பிக்க வேண்டும். கதை அவ்வளவுதான். கதையில் என்ன இருக்கிறது, ரத்தத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்பான் சுகுமாறன்.

இத்தனைக்கும் கிளினிக்கில் ரத்தம் எடுக்க ஊசியைக் காட்டினால் கண்ணை இறுக மூடிக்கொண்டு நர்ஸின் கையைப் பிடித்துக்கொள்கிறவன் அவன். திரையில் மட்டும் அவனுக்குப் பயமில்லை. காப்பாரில் அவனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு மோட்டார் பட்டறை. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் உட்கார்ந்து, பழைய எஞ்சின் எண்ணெய் ஈரச் சிமெண்ட்டில் எப்படி விழுகிறது, எந்த இடத்தில் தயங்கி நிற்கிறது, எப்போது சட்டென்று ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பான். ‘மச்சானுக்குச் சித்தம் கலங்கிப்போச்சா’ என்று அக்கா வீட்டுக்காரர் கேட்டுப் பார்த்து, அலுத்து, விட்டுவிட்டார். அப்படி மூன்று வருடம் பார்த்து வரைந்த ரத்தம் அது. ஒரு சொட்டு செம்பனை மட்டையில் விழுந்து, மட்டையின் முள் வழியாக இறங்கி, நுனியில் கொஞ்சம் நின்று, பிறகு விழும். அந்தக் கொஞ்சம் நிற்பதற்காக ஐந்து மாதம் உழைத்தான். உலகத்தில் யாராவது ஒருவர் அதைக் கவனித்துச் சொல்லிவிட்டால் போதும் என்பதுதான் அவன் ஆசை. பெரிய ஆசை என்று சொல்ல முடியாது. ஆனால் அவனிடம் இருந்தது அது ஒன்றுதான்.

விளையாட்டு முடிகிற நேரத்தில் புரட்டாசி வந்தது. கமலநாதன் எல்லாரையும் கூப்பிட்டார்.

“ஆபீஸ்ல விளக்கு ஏத்தி வச்சிருக்கேன். திரும்புன பக்கமெல்லாம் ரத்தமா ஓடுதுலா. ஒரு மாசம் எதையாச்சும் போட்டு மறைங்க.”

நிரல் எழுதும் தனேஷ் துறுதுறுப்பான பையன், இருபத்தைந்து வயது. அவன் விளையாட்டுக்குள் ஒரு சுவிட்சைச் செய்து அதற்குப் ‘புரட்டாசி’ என்றே பெயர் வைத்தான். அதைப் போட்டால் ரத்தத்துக்குப் பதிலாகச் செவ்வந்தி இதழ்கள் சிதறும். கத்தி இருந்த இடத்தில் கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்கும் செம்பு வந்துவிடும். பேயின் அலறலும் விளக்குக்கு ஆகாது என்று பாஸ் சொன்னதால், மூக்கில் துணித்திரியை விட்டுத் தானே ஒரு தும்மல் தும்மிப் பதிவு செய்து வைத்தான். ஆக, காவலாளி பன்னீர் தெளிப்பார், பேய் தும்மும், பூவைக் கொட்டிவிட்டுப் படுத்துவிடும். எல்லாரும் சிரித்தார்கள். சுகுமாறனும் சிரித்தான். ஒரு மாதம்தானே, சுவிட்சை அணைத்தால் தன் ரத்தம் திரும்பி வந்துவிடும் என்ற தைரியம்.

இணையக் கடைக்கு விளையாட்டை அனுப்ப வேண்டிய கடைசி நாள் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமையில் வந்து விழுந்தது. அன்றைக்குக் கிள்ளான் பெருமாள் கோயிலில் கமலநாதன் வீட்டு அர்ச்சனை, அலுவலகமே அங்கே போக வேண்டும். தனேஷ் அவசரமாக அனுப்பிவிட்டு வேட்டியை மாற்றிக்கொண்டு ஓடினான். அனுப்பியதை யாராவது ஒருமுறை திறந்து பார்த்திருக்க வேண்டும். பார்த்தால் ரத்தம் தெரியும், விரதம் கெடும் என்று பாஸ் சொல்லியிருந்ததால் ஒருவரும் திறக்கவில்லை. வேறு எந்த ஊர்க் கம்பெனியும் இந்தக் காரணத்துக்காக இந்தத் தப்பைச் செய்திருக்காது.

சில நாள் கழித்துக் கொமுட்டர் ரயிலில் உட்கார்ந்தபடி சுகுமாறன் தன் கைப்பேசியில் விளையாட்டை இறக்கினான். ஆலை வந்தது, இருட்டு வந்தது, பேய் வந்தது. அவன் திரையைத் தட்டினான். பேய் தும்மியது. எதிரில் இருந்த மலாய்க்கார அம்மா ‘பிளஸ் யூ’ என்றார். புரட்டாசி சுவிட்சை அணைக்காமலே அனுப்பியிருந்தார்கள். இணையக் கடைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. பூவையும் செம்பையும் பார்த்துவிட்டு விளையாட்டைக் குழந்தைகள் பிரிவில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள்.

ரயில் நின்றதும் ஓட்டமும் நடையுமாக அலுவலகம் வந்தான். கமலநாதன் விபூதி மணக்க உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, பூ போயிருக்கு. மாத்தணும். இன்னிக்கே மாத்தணும்.”

“மாத்தலாம்லா. மாத்துறதுன்னா ரத்தத்தைத் தொறந்து சரி பார்க்கணுமே. புரட்டாசி முடியட்டும், நானே முன்னாடி நின்னு மாத்தித் தரேன்.”

“அது வரைக்கும்?”

“அது வரைக்கும் யார் பார்க்கப் போறா நம்ம விளையாட்ட?”

யார் பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லி வாய் மூடவில்லை, பார்த்துவிட்டார்கள். கிள்ளானில் ஒரு பாலர் பள்ளி. அங்கே லெட்சுமி டீச்சர் என்று ஒருவர். இருட்டுக்குப் பயந்து கழிவறைக்குத் தனியே போக மறுத்த ஒரு பிள்ளைக்கு அவர் இந்த விளையாட்டைக் காட்டியிருக்கிறார். பேய் வந்தால் பன்னீர் தெளி, அது விருந்தாளி, பூவைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விடும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். பிள்ளை கையைச் செம்பு மாதிரி வைத்துக்கொண்டு தெளித்தபடியே இருட்டுக்குள் நடந்து போனது. பின்னாலேயே இருபது பிள்ளைகள் தும்மிக்கொண்டு போனார்கள். டீச்சர் அதை வீடியோ எடுத்துப் போட, அது தென்கோடி ஜொகூர் வரை ஓடியது.

தமிழ்ப் பத்திரிகைக்காரர்கள் படியேறி வந்தார்கள். ‘பேய்க்கு மரியாதை செய்யணும்னு எப்படி யோசிச்சீங்க?’ என்று கேட்டார்கள். கமலநாதன் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்.

“ஆரம்பத்துலேருந்தே நாங்க பிள்ளைங்கள நெனச்சுத்தான் செஞ்சோம். ரத்தம் கித்தம் எல்லாம் நம்ம பண்பாட்டுக்கு ஆகாதுங்க.”

பக்கத்தில் நின்ற சுகுமாறன் தரையைப் பார்த்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிவதைத்தான் எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்திருந்தது. பிள்ளையார் என்று வந்துவிட்டால் பிறகு தூக்கி ஓரமாக வைக்க முடியுமா?

புரட்டாசி முடிந்தது. கமலநாதன் ஆட்டிறைச்சிப் பிரட்டல் சாப்பிட்டார். விளையாட்டு மட்டும் சைவமாகவே இருந்தது. தீபாவளி போகட்டும் என்றார். பிறகு பள்ளி விடுமுறை போகட்டும் என்றார். ‘கடைசி ஷிப்ட்’ என்ற பெயரை எடுத்துவிட்டுப் ‘பன்னீர்ப் பேய்’ என்று வைத்தார். குழந்தைகளுக்கு உகந்த நிறுவனம் என்று ஓர் அமைப்பு கேடயம் கொடுத்தது. எட்டுப் பேர் நாற்பது பேர் ஆனார்கள். பள்ளிகளோடும் பத்திரிகைகளோடும் பேசுவதற்கென்றே விஷ்ணுப்ரியா என்ற பெண் வேலைக்கு வந்தாள். வந்த வாரத்திலேயே, இந்தக் கம்பெனிக்குக் குழந்தைகள் நம்புகிற மாதிரி ஒரு முகம் வேண்டும் என்று தேடி, தேடலைச் சுகுமாறனிடம் நிறுத்தினாள். சாதுவான முகம், கொஞ்சம் தொப்பை, கண்ணாடி. சுவரொட்டியில் அவனுக்குச் ‘சுகு அங்கிள்’ என்று பெயர் போட்டாள்.

கைக்குழந்தையை எப்படித் தூக்குவது என்று தெரியாதவன் அவன். பந்திங்கிலிருந்து ரவாங் வரை தமிழ்ப்பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகள் முன்னால் பூ வரைந்து காட்டினான். பிள்ளைகள் கன்னத்தைப் பிடித்துத் தும்மச் சொன்னார்கள், தும்மினான். பிள்ளைகள் மேல் அவனுக்குக் கோபம் இல்லை. அவர்கள் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தார்கள், அதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்குத் திரும்பும் ரயிலில்தான் நெஞ்சு கனத்துப்போகும்.

இப்படி இரண்டு புரட்டாசி வந்து போயின. மூன்றாவதுக்கு முன்னால் அவன் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தான்.

“அண்ணே, வேற பேருல, பெரியவங்களுக்குன்னு தனியா விட்டாக்கூடப் போதும்.”

“தாய்மாருங்களுக்குத் தெரிஞ்சா நம்ம பேரு என்னாகும்? கொஞ்சம் பொறு தம்பி.”

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பூமியெல்லாம் அவனுக்கு வேண்டாம். ஒரு பொது விடுமுறையன்று பட்டப்பகலில், காப்பார் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, சுவிட்சை அணைத்த பழைய விளையாட்டை எடுத்தான். பெரியவர்கள் பேய் விளையாட்டு பகிரும் ஓர் இணையதளத்தில் ‘கடைசி ஷிப்ட்’ என்ற பழைய பெயரிலேயே போட்டான். தன் பெயரைப் போடவில்லை. அது கம்பெனியின் சொத்து, எடுத்து வெளியே விட்டால் திருட்டு என்பது அவனுக்குத் தெரியும். பிடிபட்டால் வேலை போகும். இருந்தும் போட்டான்.

முதலில் யாரும் சீந்தவில்லை. பிறகு நாலு பேர் விளையாடினார்கள், நல்லாயிருக்கு என்றார்கள், போனார்கள். அந்த வாரக் கடைசியில் தைப்பிங்கிலிருந்து யாரோ ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். விளையாட்டைப் பற்றி அதிகம் இல்லை. ‘மட்டையின் நுனியில் அந்தச் சொட்டு விழாமல் கொஞ்சம் நிற்கிறதே, அதற்காகவே திரும்பத் திரும்ப அந்த இடத்துக்குப் போனேன். வரைந்தவர் எதையோ வெகுநாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். யார் ஐயா நீங்கள்? இன்னும் வரையுங்கள்’ என்று இருந்தது.

சுகுமாறன் ரயிலில் அதைப் படித்தான். சுபாங் வந்தது, இறங்க வேண்டிய இடம் வந்தது, அதைத் தாண்டியும் ரயில் போனது. அவன் படித்துக்கொண்டே இருந்தான். வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு இருந்ததில்லை. பதில் எழுத ஆரம்பித்தான். என்ன எழுதினாலும் போதவில்லை என்று அழித்தான். நிதானமாக எழுதலாம், எங்கே போய்விடப் போகிறது என்று விட்டுவிட்டான்.

மறுவாரம் விஷ்ணுப்ரியா கைப்பேசியோடு அவன் மேசைக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

“அண்ணே, பாருங்கண்ணே இந்த அநியாயத்த. எவனோ நம்ம பன்னீர்ப் பேயைத் திருடி, பூவை எடுத்துட்டு ரத்தத்தை ஊத்தி வச்சிருக்கான். ஷா ஆலாம்ல ஒரு பிள்ளை தெரியாம இறக்கிப் பார்த்துட்டு ரெண்டு நாளா அழுவுதாம். அம்மாமாருங்க குரூப்புல கொதிக்கிறாங்க.”

“பிள்ளை இப்ப எப்படி இருக்கு?”

“பரவால்லயாம். யாருண்ணே இப்படிச் செய்வா? உங்க கையை அப்படியே காப்பி அடிச்சிருக்கான்.”

சுகுமாறனுக்கு அந்தப் பிள்ளையின் அழுகைதான் காதில் கேட்டது. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது.

மத்தியானம் கமலநாதன் அவனை வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். தனியாக. ரசம் வரும்வரை மழையைப் பற்றியும் பூக்கடைக்காரர் மகள் கல்யாணத்தைப் பற்றியும் பேசினார். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற ஆள், அவசரப்படமாட்டார்.

“போலீசுக்குப் போவோம்ங்கிறா பிரியா. வேணாம்னுட்டேன்” என்றார்.

சுகுமாறன் சோற்றில் குழி பறித்து ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

“மூணு வருஷம் அந்த ரத்தத்தைப் பார்த்தவன் நான், சுகு. யார் கைன்னு எனக்குத் தெரியாதா?”

“அண்ணே, நீங்க சொன்னீங்க. புரட்டாசி முடியட்டும்னு சொன்னீங்க.”

“சொன்னேன். அன்னிக்கு மனசாரத்தான் சொன்னேன்.” மோரை ஊற்றிக்கொண்டார். “இன்னிக்கு நாற்பது வீட்டுல அந்தத் தும்மல்லதான் உலை கொதிக்குது. நான் என்னத்தச் செய்யட்டும், சொல்லு?”

மனிதர் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமையாக இருந்தது.

“சாயங்காலத்துக்குள்ள அது இல்லாமப் போகட்டும். யாரு, எவருன்னு நான் கேட்க மாட்டேன். நாளைக்குப் பத்திரிகைக்காரங்க வராங்க. நீதான் பேசணும். சுகு அங்கிள் சொன்னாத்தான் தாய்மாருங்க நம்புவாங்க.”

“திருடன்னு என்னையே சொல்லச் சொல்றீங்களா?”

“பேரு எதுவும் சொல்ல வேண்டாமே” என்று சொல்லிவிட்டுக் கமலநாதன் இலையைத் தன் பக்கமாக மடித்தார்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் சுகுமாறன் பக்கத்தைத் திறந்தான். அழிக்கும் முன்னால் தைப்பிங்காரர் எழுதியதை மறுபடியும் படித்தான். பதில் எழுதலாமா என்று நினைத்தான். எழுதினால் அது யார் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஷா ஆலாம் பிள்ளை நினைவுக்கு வந்தது. பொத்தானை அழுத்தினான். விளையாட்டோடு அந்தக் கடிதமும் போய்விட்டது, அந்த மனிதரைத் தேடிப் பிடிக்க இனி வழியும் இல்லை. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

மறுநாள் கீழே பூக்கடைகளிலிருந்து வாங்கிய செவ்வந்தியால் மேசையை அலங்கரித்திருந்தாள் விஷ்ணுப்ரியா. சுகுமாறன் அவள் எழுதிக் கொடுத்ததை வாசித்தான். எங்கள் படைப்பைத் திருடி, குழந்தைகள் மனதில் நஞ்சைக் கலந்தவர்களை வன்மையாகக் கண்டிக்கிறோம். குரல் நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். கடைசி வரிசையில் ஒரு நிருபர் கையைத் தூக்கினார்.

“அந்த ஆளு இப்ப உங்க முன்னாடி நின்னா என்ன சொல்வீங்க?”

தாளில் அதற்குப் பதில் இல்லை. கமலநாதன் ஒலிவாங்கியை நோக்கிக் கையை நீட்டினார். அதற்குள் சுகுமாறன் சொல்லிவிட்டான்.

“நல்லா வரைஞ்சிருக்காருன்னு சொல்வேன். ரொம்ப நல்லா வரைஞ்சிருக்காரு.”

நிருபர்கள் மளமளவென்று எழுதிக்கொண்டார்கள். தனேஷ் மட்டும் பின்னால் நின்று தலையைக் குனிந்துகொண்டான்.

போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் சுகுமாறன் அன்றைக்கு வீட்டுக்குப் போனான். காலையில் பத்திரிகையைப் பார்த்தால், முதல் பக்கத்திலேயே அவன் படம். ‘திருடனையும் பாராட்டிய பெரிய மனசு’ என்று தலைப்பு. தன்னிடம் திருடியவரிடமும் திறமையைக் காணும் இந்தப் பண்பையல்லவா நம் பிள்ளைகள் கற்க வேண்டும் என்று தலையங்கம் எழுதியிருந்தார்கள். கம்பெனிக்கு இன்னொரு கேடயம் வந்தது. விஷ்ணுப்ரியா பத்திரிகையைச் சட்டம் போட்டு மாட்டினாள். கமலநாதன் அவனைக் கூப்பிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் முதுகைத் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நன்னெறி வாரம். சுகு அங்கிளை வரவழைத்து, நடந்த கதையைத் தலைமையாசிரியை மாணவர்களுக்குச் சொன்னார். இதிலிருந்து நாம் என்ன கற்றுக்கொள்கிறோம் என்று கேட்டார். அடுத்தவர் திறமையைப் பாராட்ட வேண்டும் என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள். வேறு கேள்வி உண்டா என்றதும் இரண்டாம் வரிசையில் ஒரு சிறுமி எழுந்து நின்றாள்.

“அங்கிள், அந்தத் திருடரு இப்ப என்ன பண்றாரு?”

“இப்ப அதெல்லாம் வரையறதில்லையாம்மா. விட்டுட்டாராம்.”

சிறுமி உட்காரவில்லை. யோசித்துக்கொண்டு நின்றாள்.

“நல்லாத்தானே வரைஞ்சாருன்னு சொன்னீங்க. அப்புறம் ஏன் விடச் சொன்னாங்க?”

யாரும் விடச் சொன்னதாக அவன் சொல்லவில்லை. சுகுமாறன் ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றான். வாயைத் திறந்தான், கண் நிறைந்துவிட்டது. அங்கிளுக்குத் தும்மல் வருது என்று ஒரு பையன் கத்த, மண்டபம் முழுக்கப் பிள்ளைகள் சந்தோஷமாகத் தும்ம ஆரம்பித்தார்கள். சிறுமி மட்டும் தும்மாமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.